கடிதத்தில் செத்த அண்ணன்

செத்துப்போன வில்சன் முத்துவீரன் தன்னுடைய பதினாறாம் நாள் படையலுக்கு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியபோது மணல்மேட்டுப்பட்டினத்தில் யாரும் அலறவில்லை. காகத்துக்கு வைத்த சோற்றைக் காலையிலிருந்து காகம் திரும்பிக்கூடப் பார்க்காததில் ஊருக்கே மனசு ஒரு மாதிரியாக இருந்தது, செத்தவருக்கு என்ன குறையோ, எந்த ஆசை பாக்கியோ என்று பந்தலில் இருந்தவர்கள் பசியோடு முணுமுணுத்துக்கொண்டிருந்த நேரத்தில், கொட்டுகிற மழையில் ஒரு சொட்டுகூட நனையாத வெள்ளைச் சட்டையோடு ஒரு பெரியவர் மாவு மில் வாசலில் வந்து நின்று, "நான்தாங்க வில்சன். இங்க யாரோ எனக்காக அழுதாங்க, அதான் வந்தேன்" என்றார். காகம் ஏன் தொடவில்லை என்பது உடனே எல்லாருக்கும் விளங்கிப்போயிற்று, ஆளே நேரில் வந்து சாப்பிட இருக்கும்போது காகத்துக்கு அங்கே என்ன வேலை, நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்து அவருக்கும் ஒரு இலை போடச் சொன்னார்கள்.

அழுதவள் நாகவல்லி. பஸ் நிலையத்துக்கு எதிரே மாவு மில் வைத்திருக்கிறவள், புருஷன் போன பிறகு பெல்ட்டும் மோட்டாரும் அவள் கையில்தான், மிளகாய் நெடியில் ஊரே தும்மினாலும் தும்மாதவள், அப்படி லேசில் கண் கலங்குகிற ரகமில்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரே ஒரு குறை, கூடப் பிறந்தவன் இல்லாத குறை. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் இல்லாமல் ஒரு பெண்பிள்ளைக்குக் காது குத்த முடியாது, சடங்கு சுற்ற முடியாது, கல்யாணப் பந்தலில் மணையில் உட்கார வைக்க முடியாது. நாகவல்லியின் மகள் பவதாரணிக்குக் காது குத்தியபோது தூரத்துச் சொந்தத்தில் ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிவந்து அவர் மடியில் பிள்ளையை உட்கார வைத்தார்கள், அவர் கறியில் எலும்புதான் விழுந்தது என்று கோபித்துக்கொண்டு தோடு திருகும் முன்னே எழுந்து போய்விட்டார். அந்த அவமானம் நாகவல்லிக்கு ஆறவே இல்லை. இப்போது பவதாரணிக்குத் தை மாதத்தில் கல்யாணம், மாமன் மணையில் யாரை நிறுத்துவது என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்குச் சோறு இறங்காது.

அப்படி இருக்கிற வீட்டுக்குத்தான் ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு அந்தக் கடிதம் வந்தது. தபால்காரர் சூசைமாணிக்கம் கொண்டுவந்து கொடுத்தார், வெளிநாட்டு ஸ்டாம்பு, கோபுரம் போட்ட முத்திரை, உள்ளே யாரோ மெஷினில் அரைத்துக் கொட்டினதுபோல ஒரு தமிழ். அன்பான பயனாளியே, உங்கள் குடும்பப் பெயரையே கொண்ட என்ஜினியர் வில்சன் முத்துவீரன் பினாங்கில் சாலை விபத்தில் மனைவியோடு மரித்தார், வாரிசு இல்லை, பல கோடி பெறும் எஸ்டேட்டும் இன்சூரன்ஸ் தொகையும் உங்களுக்கே சேரும், முதலில் பத்திரச் செலவுக்கான கட்டணத்தை ஒரு வாரத்துக்குள் அனுப்புக, உற்ற சொந்தத்திடமும் இதைச் சொல்லாதிருப்பீராக.

எழுதினவனுக்கு எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாது. எங்கிருந்தோ நாகவல்லி முத்துவீரன் என்ற பெயரைப் பிடித்து, முத்துவீரன் என்பது வம்சத்துக்கே பொதுவான பெயர் என்று எண்ணி, செத்தவனுக்கும் அதையே ஒட்டிவிட்டான். இங்கே பெயருக்குப் பின்னால் நிற்பது அப்பன் பெயர், அடுத்த தலைமுறையில் அது இருக்காது. வேறு யாராவது என்றால் பித்தலாட்டம் என்று அங்கேயே கிழித்துப் போட்டிருப்பார்கள். நாகவல்லி போட்ட கணக்கு வேறு. வில்சன் முத்துவீரன் என்றால் முத்துவீரனுக்குப் பிறந்தவன், அப்பா கல்யாணத்துக்கு முன்னால் சில வருஷம் பினாங்கில் ஜவுளிக்கடையில் இருந்தார், அந்த வருஷங்களைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை, ஆக எனக்கு ஒரு அண்ணன் இருந்திருக்கிறான். முதல் வரியில் அண்ணன் வந்தான், அடுத்த வரியில் செத்துப்போனான். கோடிக் கணக்கெல்லாம் அதற்கும் கீழே இருந்தது, அங்கே வரைக்கும் அவள் கண் போகவே இல்லை, மில்லை நிறுத்திவிட்டு மாவுக் கையாலேயே மாரில் அடித்துக்கொண்டு அவள் அழுத அழுகை மீன் மார்க்கெட் வரைக்கும் கேட்டது.

யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருந்தான், சாவை எப்படிச் சொல்லாமல் இருப்பது? சொல்லி அனுப்பினாள், பங்காளிகள் தலைமுழுகினார்கள், உடம்பு இல்லாததால் தர்ப்பையில் உருவம் செய்து, ஆண்பிள்ளைதான் வைக்கவேண்டும் என்றவர்களை ஒரு பார்வையில் உட்கார வைத்துவிட்டு, கொள்ளியும் அவளே வைத்தாள். பணத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. அண்ணன் சொத்தை அனாதையாக விடக்கூடாது என்று, பவதாரணிக்குச் சேர்த்த நகைகளை அடகு வைத்துக் கட்டணம் அனுப்புவதாக மனசுக்குள் முடிவு செய்திருந்தாள். கோயம்புத்தூரில் வேலையிலிருந்த பவதாரணி போனில், பினாங்கு, வில்சன் என்று கேட்டதுமே அம்மா இது ஏமாற்று வேலை என்றாள். மாமன் செத்த வீட்டில் பேசுகிற பேச்சா என்று நாகவல்லி போனை வைத்துவிட்டாள்.

காப்பாற்றியது தீட்டுதான். பதினாறு கழியாமல் நகையைத் தொடமாட்டாள், பெட்டியைத் திறக்கமாட்டாள். கடிதத்தில் கண்ட வக்கீல் ரத்தினசபாபதி என்பவர் போன் போட்டு, கெடு தாண்டினால் சொத்து அரசாங்கத்துக்குப் போய்விடும், இன்றைக்கே அனுப்புங்கள் என்று துரத்தினார், மிரட்டினார், கெஞ்சினார். எல்லாவற்றுக்கும் அவள் ஒரே பதில் வைத்திருந்தாள். "பதினாறு முடியட்டும் சார். ஒங்க வீட்ல யாரும் செத்ததே இல்லையா?"

கேதம் கேட்க ஊரே வந்தது. வந்தவர்களில் சிலருக்கு, செத்தவர் பெயர் வில்சன், சாலை விபத்து, மனைவியோடு என்று கேட்டதும் முகம் வெளுத்ததை அப்போது யாரும் கவனிக்கவில்லை. டீக்கடை ஜெய்லானி பாதிக் காப்பியை வைத்துவிட்டு எழுந்து போனார். அதைக்கூட, பாவம் இளகின மனசு என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

படையல் சாப்பிட்ட வில்சனைச் சுற்றி உட்கார்ந்து ஊர் விசாரித்தது. அம்மா பெயர் என்ன? "அதை எழுதலைங்க" என்றார். எந்தப் பள்ளிக்கூடம்? அதை எழுதலைங்க. மனைவி பெயர்? அந்த அம்மா எல்லாக் கடிதத்திலும் கூடவே செத்தார்களே தவிர பெயர் ஒன்றும் எழுதவில்லை என்று வருத்தப்பட்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் தன் பெயர், தன் தொழில், தன் சாவு, அவ்வளவுதான். சாவு மட்டும் நிறையத் தெரிந்திருந்தது. காரில் செத்திருக்கிறார், விமானத்தில் செத்திருக்கிறார், மாரடைப்பில், சுனாமியில், பெயர் தெரியாத காய்ச்சலில், எத்தனையோ தேசத்தில் எத்தனையோ வீட்டு வாசல்களில் செத்திருக்கிறார், பிரித்துப் படித்தவர்கள் அத்தனை பேரும் தொகையைத்தான் எண்ணினார்களாம், ஐயோ பாவம் என்று ஒருத்தர் சொன்னதில்லையாம்.

பந்தல் பிரித்த பிறகு நாகவல்லி அவரைத் தனியாக உட்கார வைத்து, நகைப்பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு, கேட்கப் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டாள். அண்ணே, அந்த எஸ்டேட்டும் இன்சூரன்ஸும் நெசமா?

வில்சன் பெட்டியை அவள் பக்கமே தள்ளினார். "நானே இல்லாதவன், தங்கச்சி. எம் பணம் மட்டும் எங்க இருக்கும்?"

நகை போகாமல் தப்பியதே என்று அவள் சந்தோஷப்படவில்லை. பணம் பொய்யென்றால் கடிதம் பொய், கடிதம் பொய்யென்றால் இதோ எதிரே உட்கார்ந்து தன்னைத் தங்கச்சி என்கிற இந்த மனிதர்? அதற்குமேல் நினைக்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. மில்லில் ஆள் இல்லை, இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளே வில்சன் ஜெய்லானியின் கடைக்குப் போய், டீயை ஊதிக்கொண்டே, பாய், உங்க வீட்லயும் நான் செத்திருக்கேன் என்றார். ஜெய்லானி ஆடிப்போனார். அவர் பீரோவில் வில்சன் காதர்மைதீன் என்று, அவருடைய வாப்பா பெயரை ஒட்டிக்கொண்டு, இன்னொரு கடிதம் இருந்தது; முதல் தவணையை அவர் அனுப்பியே விட்டிருந்தார், வீட்டில் இன்னும் சொல்லவில்லை. கடை வாசலிலேயே உட்கார்ந்து அவர் அழ, வேடிக்கை பார்க்க வந்த டீச்சர் புனிதவதி தன் கைப்பையிலிருந்து ஒன்றை எடுக்க, சாயங்காலத்துக்குள் டீக்கடை பெஞ்சு நிறையக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் வந்தது என்று நினைத்து ஒளித்து வைத்திருந்தார்கள். ஏமாந்த வெட்கத்தைவிட, பக்கத்து வீட்டுக்காரனும் ஏமாந்தான் என்ற நிம்மதி அன்றைக்கு ஊரில் அதிகமாக இருந்தது.

வில்சனிடம் இன்னொரு சங்கதியும் இருந்தது. ஊரில் எந்த வீட்டிலாவது புதிதாக ஒரு கடிதத்தைப் பிரித்தால், அதில் அவர் செத்திருந்தால், எங்கே நிற்கிறாரோ அங்கேயே பொத்தென்று விழுந்து செத்துப்போவார், படித்தவர் அதைப் பித்தலாட்டம் என்று மடித்து வைத்ததும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொள்வார். முதல் தடவை மீன் மார்க்கெட்டில் விழுந்தபோது ஐஸ் பெட்டியில் மண்டை இடித்துவிட்டது. அதற்குப் பிறகு ஊர் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தது: பெரிய முத்திரையோடு எது வந்தாலும் சூசைமாணிக்கம் அதை முதலில் மில்லுக்குக் கொண்டுவருவார், வில்சன் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, "பிரிங்க" என்பார். வேலைக்கு ஆர்டர் வந்திருந்தாலோ நிஜமான பாலிசிக்காரரின் ரசீதாக இருந்தாலோ படுத்தபடியே கொட்டாவி விடுவார். மற்றதென்றால் கண் செருகும், சூசைமாணிக்கம் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்து முடிப்பார், சுற்றியிருக்கிறவர்கள் கேட்டுக் கேட்டு அவர்களுக்கே பிடிபட்டுப்போயிற்று. யாரிடமும் சொல்லாதே என்ற வரி எப்படியும் வரும், சீக்கிரம் சீக்கிரம் என்று பறப்பான், கொடுப்பதற்கு முன்னால் கேட்பான், அப்பன் பெயரை எவன் எவனுக்கோ ஒட்டியிருப்பான். உங்கள் பெயரில் யாரோ கட்டிவைத்த பாலிசி முதிர்ந்துவிட்டது என்று எழுதினால், எந்த ஊர் ஆபீஸ், போன் நம்பரை நாங்களே தேடி எடுத்துக் கேட்டுக்கொள்கிறோம் என்று மிளகாய் அரைக்க வந்த பெண்கள் வரிசையில் நின்றபடியே சொல்லத் தொடங்கினார்கள். ஞானஸ்நானம் எங்கே வாங்கினீர்கள் என்று கோயில் ஃபாதர் வந்து விசாரித்தார், அதை எழுதலைங்க என்றார் வில்சன். ஃபாதர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மறைமாவட்டத்திலிருந்து வந்த தடித்த கவர் ஒன்றையும் எதற்கும் அவரிடம் காட்டிவிட்டுப் போனார்.

சப்-இன்ஸ்பெக்டர் தமயந்தி புகார் எழுதி வாங்க வந்தபோதுதான் சிக்கல் வந்தது. புகாரில் முதல் வரி, வில்சன் முத்துவீரன் என்று ஒருவர் இல்லவே இல்லை என்று இருந்தாக வேண்டும், அப்போதுதான் கேஸ் நிற்கும் என்றார் அந்த அம்மா. நாகவல்லி பேனாவை வாங்கினாள், உள்ளே மில்லில் அண்ணன் யாருக்கோ கம்பு அரைத்துக் கொடுத்துவிட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது, பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இல்லை என்று கையெழுத்துப் போட்ட அடுத்த நிமிஷம் அந்தச் சிரிப்பு நின்றுபோனால்? எழுத்தில் வந்தவர் எழுத்திலேயே போய்விட்டால்? போடு தங்கச்சி, ஊருக்கு நல்லதுதானே என்று வில்சனே சொல்லிப் பார்த்தார். மாட்டேன் என்றாள். தை பிறக்கப் போகிறது, மாமன் மணைக்கு ஆள் இருக்கிறது, அவளுக்கு அதற்குமேல் ஊர் நல்லது எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மார்கழிக் கடைசியில், பொங்கலுக்கு மாவரைக்க மில்லில் கூட்டம் நெரிந்த ஒரு பகலில், வக்கீல் ரத்தினசபாபதி நேரிலேயே வந்துவிட்டார். வாடகைக் கார், மில் புழுக்கத்திலும் கறுப்புக் கோட்டு, கையில் ஃபைல். போனில் படியாத பெண்பிள்ளை நேரில் படியும் என்று நினைத்திருக்கவேண்டும். தலையெல்லாம் மாவாக இருந்த வில்சன் நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், யார் கையில் வாங்குகிறோம் என்று தெரியாமல் வக்கீல் வாங்கிக் குடித்தார். பிறகு இதோ மரணச் சான்றிதழ் என்று எடுத்து, வரிசையில் நின்ற பெண்களுக்கும் கேட்கட்டும் என்பதுபோலத் தொண்டையைச் செருமி, வில்சன் முத்துவீரன் இறந்துவிட்டார் என்று வாசித்தார்.

வில்சன் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே விழுந்தார். பெண்கள் பதறவில்லை, கொஞ்சம் பொறுங்க, இப்ப எந்திரிச்சிருவாரு என்று வக்கீலுக்குத்தான் தைரியம் சொன்னார்கள். பொறுத்தார்கள். இது பொய், மடிச்சு வைங்க என்று சூசைமாணிக்கம் சத்தம் போட்டார், எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். வில்சன் எழவில்லை. கடிதம் அனுப்பினவனே வாசித்த சாவு, அது லேசில் விடவில்லை. முகத்தில் படிந்த மாவு மூச்சில் அசையாமல் அப்படியே இருந்தது.

நாகவல்லி மோட்டாரை நிறுத்தினாள். பெல்ட் சுற்றி ஓய்ந்தது. அப்படி ஒருத்தர் இல்லை என்று சொன்னால் அண்ணன் அடியோடு இல்லாமல் போவான், சொல்லாவிட்டால் இப்படியே கிடப்பான் என்று அவளுக்குப் பயமாக இருந்தது, ஆனாலும் அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"எங்கப்பா முத்துவீரனுக்கு நான் ஒருத்திதான் புள்ள" என்றாள். "பினாங்குல அவருக்குக் குடும்பமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நீ எழுதுன வில்சன் பொறக்கவும் இல்ல, சாகவும் இல்ல. எஸ்டேட்டு பொய்யி, இன்சூரன்ஸு பொய்யி, இந்தச் சாவும் பொய்யி." மூச்சு வாங்கிக்கொண்டு, மூட்டைகளைக் காட்டினாள். "ஆனா இந்தா கெடக்குறாரே, இவரு எங்கண்ணன். இவர நீ எழுதல. நான் அழுது கொண்டாந்தேன்."

 அப்புறம் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு தும்மல் வந்தது. இன்னொன்று வந்தது. மூன்றாவதில் மாவெல்லாம் பறக்க எழுந்து உட்கார்ந்த வில்சன், கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்கச்சி, மோட்டார ஏன் நிறுத்தின, கூட்டம் நிக்குதே என்றார்.

வக்கீல் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை, அதற்குள் பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டு, எங்க வீட்டு வில்சனுக்கு எப்பப் பணம் வரும், எங்க வீட்டு வில்சன் விமானத்துல செத்தாரே அவருக்கு எவ்வளவு என்று ஒவ்வொருவராகத் தங்கள் கடிதங்களை அவர் மடியில் வைத்துக்கொண்டே போனார்கள், டீச்சர் புனிதவதி அதிலிருந்த பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தியே கொண்டுவந்திருந்தார். கடைசியாக வந்து வைத்தவர் ஜெய்லானி, அவருக்குப் பின்னால் அவர் கூட்டிவந்த தமயந்தி. எதிரே நின்ற மனிதர் தன் கையை நீட்டி, வணக்கம் சார், நான்தான் செத்தவன் என்று சொன்னபோது ரத்தினசபாபதிக்கு ஜீப்பில் ஏறுவதே மேல் என்று ஆகிவிட்டது. நாகவல்லி மாவுக் கையோடு புகாரில் கையெழுத்துப் போட்டாள். போனதெல்லாம் திரும்பவில்லை, ஜெய்லானிக்கும் பாதிதான் கிடைத்தது. ஆனால் வீட்டில் சொல்லிவிட்டதில் அவர் டீ பழையபடி ருசியாகிவிட்டது.

அன்றிலிருந்து வில்சன் விழவில்லை. கடிதங்கள் வராமல் இல்லை, வந்துகொண்டுதான் இருந்தன, பாயை விரித்துப் படுத்துப் பார்த்தார்கள், அவர் கொட்டாவிதான் விட்டார். ஊருக்கு அவர் விழவேண்டிய தேவையும் இல்லை. பிரிக்கும்போதே கண்டுபிடித்துவிட்டு, இந்தத் தடவை யாரைக் கொன்னிருக்கான் பாரு என்று சிரித்துக்கொண்டு தமயந்திக்கு அனுப்பினார்கள்.

தையில் பவதாரணிக்குக் கல்யாணம் நடந்தது. ஏமாற்று வேலை என்று சொன்னேனா இல்லையா என்று அவள் அம்மாவிடம் கேட்டாள், நீ சொன்னதும் சரி, நான் அழுததும் சரி என்றாள் நாகவல்லி. பெட்டியிலிருந்த நகை பெண் கழுத்தில் இருந்தது. முகூர்த்தத்துக்கு முன்னால் மேளம் முன்னே போக, மாமன் சீர்த் தட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வில்சன் தெருவில் நடந்து வந்தார். தட்டில் எஸ்டேட் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. மில் கூலியைச் சேர்த்து வாங்கிய அரக்குப் பட்டு ஒன்று, பூ, பழம், அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் நாகவல்லி அழுதாள், இந்த முறை அவள் அழுததை மறைக்க மேளத்தாலும் முடியவில்லை.

மண்டப வாசலில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் அவரை நிறுத்தி, பெண்ணுக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார். பழக்கத்தில் வில்சனுடைய வாய், "அதை..." என்று ஆரம்பித்து நின்றது. தட்டைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்.

"தாய்மாமன்" என்று, நாதஸ்வரத்துக்கும் மேலே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, அவர் முன்னால் நடந்து உள்ளே போனார்.